குறையில்லாத ஊரைக் கட்டுவது எப்படி? பதின்பருவத்தினருக்கான கட்டுப்பாட்டுச் சமூக நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் நாவலின் முதல் ஐம்பது பக்கங்களைப் படித்த பதினைந்து வயது வாசகருக்கு, "இந்த ஊரில் நானும் பிறந்திருக்கலாமே" என்று ஒரு கணமாவது தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் பின்னால் நீங்கள் என்ன எழுதினாலும் அது ஒட்டாது. இந்த வகை நாவலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேமராக்களிலிருந்து தொடங்குகிறார்கள். சீருடை, சாம்பல் நிறக் கட்டடம், தெருமுனையில் காவலர், ஒலிபெருக்கியில் கட்டளை. அது கெட்ட ஊர் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கதாநாயகிக்கு இருநூறாவது பக்கத்தில்தான் தெரியவருகிறது. அதுவரை வாசகர் அவளுக்காகக் கொட்டாவி விட்டபடி காத்திருக்கிறார்.

நான் சொல்லப்போகும் வழி வேறு. அந்த ஊர் ஏதோ ஒரு விஷயத்தில் உண்மையாகவே நல்ல ஊராக இருக்கட்டும். எந்த விதி அந்த நன்மையைத் தருகிறதோ, அதே விதி கொடுமையையும் தரட்டும். ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும் என்ற அளவுக்கு இரண்டையும் பின்னிவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே கற்பனை ஊரைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதற்குத் தணிவூர் என்று பெயர்.

படி 1: ஊரைத் தோற்றுவித்த பயத்தைக் கண்டுபிடியுங்கள்

யாரும் மற்றவர்களைக் கொடுமைப்படுத்துவதற்காக ஒரு ஒழுங்கை உண்டாக்குவதில்லை. ஏதோ ஒன்று மறுபடியும் நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் உண்டாக்குகிறார்கள். பஞ்சம், தொற்றுநோய், போர், பெருவெள்ளம், கலவரம் என்று அந்தப் பயம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றே ஒன்றை எடுங்கள். நான்கு பேரழிவுகளை அடுக்கினால் எதிலிருந்து எந்த விதி பிறந்தது என்று உங்களுக்கே குழம்பிவிடும்.

தணிவூரின் பயம் பகை. பல தலைமுறைகளுக்கு முன்னால் இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் ஏதோ ஒரு சண்டை. அது எதற்காக வந்தது என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் சொத்தாகக் கைமாறிய அந்தப் பகை ஓர் இரவில் ஊரையே எரித்தது. தப்பியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி எந்தச் சண்டையும் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது.

இந்த வரலாற்றை முதல் அத்தியாயத்தில் கொட்டிவிடாதீர்கள். எழுதி உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் இது மூன்று நான்கு இடங்களில் துண்டு துண்டாக வந்தால் போதும். ஒரு பாட்டியின் காலில் இருக்கும் தீக்காயத் தழும்பாக ஒருமுறை வரலாம், பிள்ளைகள் விளையாடும்போது பாடும் பாட்டாக இன்னொரு முறை.

படி 2: ஒரே ஒரு விதி, அது காலை முதல் இரவு வரை எப்படி இயங்குகிறது

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. அவசரப்படாதீர்கள்.

தணிவூரின் விதி: பொழுது சாய்வதற்குள் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு தீர்வு மண்டபம். சண்டை போட்ட இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவர் கேட்பார். தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், மற்றவர் மன்னிக்க வேண்டும். நடந்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் பெருவிரல் ரேகை பதிப்பார்கள். மறுநாள் விடியலில் அந்தத் தாள் சூளையில் எரிக்கப்படும். அதன் பிறகு அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுவது குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பெயர் கிளறல்.

இதன் நன்மை கண்கூடு. அறுபது ஆண்டுகளாக அங்கே ஒரு கொலை இல்லை. கதவுகளுக்குப் பூட்டு இல்லை. அடுத்த அறையில் பெற்றோர் கத்திக்கொள்வதைக் கேட்டபடி தூங்கப்போன குழந்தை ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உங்கள் வாசகர்களில் சிலர் அப்படித் தூங்கப்போகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கமாகத்தான் தெரியும், தெரியவும் வேண்டும்.

இப்போது அந்த விதியை ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள். மாலையில் மண்டப வாசலில் கூட்டம் நெருக்கும். பகல் குறைந்த பருவத்தில் நேரம் போதாது. பேச்சு வன்மை உள்ளவன் அந்தி நெருங்கும்வரை இழுத்தடிப்பான், எதிரே இருப்பவர் கைக்குழந்தை வீட்டில் அழுமே என்று கைநாட்டு வைத்துவிட்டு ஓடுவார். இரவில் வேலை பார்ப்பவர்களுக்குள் சண்டை வந்தால் அது எந்த நாளின் கணக்கில் சேரும்? வாய் பேச முடியாதவருக்காக யார் பேசுவார்கள்? இரவு பிரியும்போது "தீர்ந்ததா?" என்று கேட்பதும் "தீர்ந்தது" என்று பதில் சொல்வதும் ஊர் வழக்கமாகியிருக்கும். சிறு பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்து நடுவர் விளையாட்டு விளையாடுவார்கள். வசவுச் சொல்கூட மாறியிருக்கும்: "அவன் ஒரு கிளறி!"

இப்படி விதியின் முதல் விளைவைத் தாண்டி இரண்டாவது, மூன்றாவது விளைவு வரை போங்கள். நிஜ வரலாறு இதற்கு நல்ல ஆசான். சீனாவில் 1980 வாக்கில் நடைமுறைக்கு வந்து 2015இல் முடிவுக்கு வந்த ஒரு குழந்தைக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் பல இருந்தன என்றாலும், ஒற்றைப் பிள்ளையாகவே ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த விதியை உங்கள் கற்பனை ஊரில் விதிவிலக்கே இல்லாமல் இரண்டு தலைமுறை ஓட்டிப் பாருங்கள். முதலில் அண்ணனும் தங்கையும் இல்லாமல் போவார்கள். அடுத்த தலைமுறையில் மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை யாருடைய மடிக்கு ஓடும்? அப்பா அடித்தால் யாரிடம் போய் அழும்? மக்கள்தொகைக்காகப் போட்ட விதி கடைசியில் ஒரு குழந்தை அடைக்கலம் தேடும் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. நாவலாசிரியருக்கு வேண்டியது இந்த மூன்றாவது விளைவுதான்.

பழைய கற்பனை ஊர்களும் இதைச் சொல்லித்தரும். தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'உட்டோப்பியா'வில் ஆறு மணி நேர வேலைதான், பசி கிடையாது. கதவுகளை யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். அதே ஊரில் அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லை தாண்டியவன் இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமையாக்கப்படுகிறான். குடும்பத்தில் ஆள் கூடிவிட்டால் கூடுதலாக இருப்பவர்களைக் குறைவாக உள்ள குடும்பத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மோர் இதைக் கொடுமையாக எழுதவில்லை, சீரான ஏற்பாடாகவே எழுதினார். அப்படி மாற்றப்பட்ட பிள்ளை ஒன்று முதல் இரவு அந்தப் புது வீட்டில் எங்கே படுத்திருக்கும் என்று யோசித்தால் உங்கள் நாவல் அங்கே தொடங்கிவிடும்.

படி 3: விலையைக் கண்டுபிடியுங்கள்

விலை வெளியிலிருந்து வரக் கூடாது. "ஊர் நல்ல ஊர்தான், ஆனால் தலைவர் ரகசியமாகக் குழந்தைகளைக் கடத்துகிறார்" என்று எழுதினால், தலைவரை மாற்றியதும் ஊர் சரியாகிவிடும். அது துப்பறியும் கதைக்குச் சரி.

தணிவூரில் விலை விதிக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய சண்டையைப் பேச முடியாது என்றால் அங்கே எந்தத் தவறும் எப்போதும் முதல் தவறுதான். கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் மேஸ்திரி ஒவ்வொரு மாதமும் பிடிக்கலாம். ஒவ்வொரு மாதமும் கண் கலங்க மன்னிப்புக் கேட்கலாம். அந்தி சாயும்முன் மன்னிக்கப்படுவான். அடுத்த மாதம் அது புதுச் சண்டை. ஏமாந்தவர்களுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லை, சொன்னால் கிளறல். பகை சேராத ஊரில் நியாயமும் சேர முடிவதில்லை. கொலை நடக்காமல் இருப்பதும் ஒருவன் ஆயுள் முழுக்க ஏமாற்றிக்கொண்டே இருக்க முடிவதும் அதே எரிந்த தாளால்தான்.

உங்கள் ஊருக்கும் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விலையை மட்டும் நீக்கிவிட்டு நன்மையை அப்படியே வைத்துக்கொள்ளும் ஒரு திருத்தத்தை ஊர் சபையில் யாராவது முன்மொழிய முடியுமா? முடியும் என்றால் இந்தப் படியை மறுபடியும் செய்யுங்கள்.

படி 4: கதாநாயகியின் வயதும் வேலையும்

இந்த வகை நாவல் ஏன் பதின்பருவத்தினருக்கு இவ்வளவு பிடிக்கிறது? தாங்கள் போடாத விதிகளுக்குள் வாழ்வது அவர்களுக்கு அன்றாடம். எப்போது எழுவது, என்ன படிப்பது, யாரோடு பேசுவது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அதிலும் பெரும்பாலான விதிகள் அன்பினால் போடப்பட்டவை. அன்பினால் வந்த கட்டுப்பாட்டை எப்படி எதிர்ப்பது என்ற கேள்வியோடுதான் அவர்கள் புத்தகத்தைத் திறக்கிறார்கள். அந்தக் கேள்வியை மதித்து எழுதுங்கள். அறிவுரை வேண்டாம்.

ஊர் அவளைப் பெரியவளாக ஏற்கும் வாசலில் அவளை நிறுத்துங்கள். வேலை ஒதுக்குதல், உறுதிமொழி, ஒரு சடங்கு என்று அந்த வாசல் எப்படியும் இருக்கலாம். பிளேட்டோ 'குடியரசு'வில் காட்டும் நகரத்தில், யார் யாரோடு சேர வேண்டும் என்பதை ஆட்சியாளர்களே தீர்மானிக்கிறார்கள், ஆனால் சீட்டுக் குலுக்குவதாக வெளியில் காட்டுகிறார்கள். நல்ல துணை கிடைக்காதவன் ஆட்சியைக் குறை சொல்லாமல் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வானாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த யோசனை முதுகைச் சில்லிட வைக்கிறது. உங்கள் ஊரின் சடங்கிலும் இப்படி ஒரு பொய் ஒளிந்திருக்கலாம்.

வேலை ஒதுக்கும்போது, விலை கண்ணில் படக்கூடிய ஒரே இடத்தில் அவளை வையுங்கள். தணிவூரின் கயலுக்கு வயது பதினைந்து. சூளைக்குத் தாள்களைச் சுமந்துபோகும் பயிற்சி வேலை அவளுக்கு. படிக்க அனுமதி இல்லை, அவளும் படிப்பதில்லை. அவள் நல்ல பெண், விதியை மதிக்கிறவள். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. தாளின் அடியில் ஒரு பெருவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்போடு, திரும்பத் திரும்ப வருகிறது. எதிரே பதிந்த ரேகை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரிந்த கை. அவளை வளர்த்த அப்பாவின் கை.

விலையைச் செலுத்துபவர் யாரோ ஒருவராகவும் தவறு செய்தவர் அவள் நேசிப்பவராகவும் இருக்கும்போது கதை கனம் பெறுகிறது. அவளே பாதிக்கப்பட்டவளாக இருந்தால் கோபம் எளிதாக வந்துவிடும். இங்கே வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை. பேசினால் எல்லாமே இழப்பு.

படி 5: முதல் மூன்று அத்தியாயங்கள்

முதல் அத்தியாயத்தில் ஒரு சண்டை வந்து தீரட்டும், அழகாகத் தீரட்டும். கயலும் அவள் தோழியும் முட்டிக்கொள்கிறார்கள், மண்டபத்துக்குப் போகிறார்கள், நடுவர் பொறுமையாகக் கேட்கிறார், இருவரும் அழுது கட்டிக்கொள்கிறார்கள். வாசகருக்குப் பொறாமை வர வேண்டும். இரண்டாவதில் சூளை வேலை, அப்பா, வீடு. மூன்றாவதின் கடைசியில் தழும்பு ரேகை முதல்முறை கண்ணில் படட்டும், அவள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போகட்டும். வாசகர் பொருட்படுத்தினால் போதும்.

"எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று ஊர் விதிகளை அவளே பட்டியல் போடும் பத்தி எங்கே வந்தாலும் வெட்டிவிடுங்கள். தான் பிறந்த ஊரின் விதியை யாரும் தனக்குத்தானே விளக்கிக்கொள்வதில்லை. விதி மீறப்படும்போதோ மீறப்படும் ஆபத்து வரும்போதோதான் அது பேச்சில் வரும். பொழுது சாய இன்னும் சிறிது நேரமே இருக்க, ஒருவர் மண்டபத்துக்கு வராமல் இருக்கிறார். தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. அந்த ஒரு காட்சி பத்துப் பக்க விளக்கத்தைச் செய்துவிடும்.

படி 6: கண்காணிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

தொழில்நுட்பத்திடம் ஒப்படைக்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம். சில ஆண்டுகளில் பழையதாகிவிடும், அதோடு ஒரு இயந்திரத்தை ஏமாற்றும் காட்சியில் உணர்ச்சிக்கு இடம் குறைவு. மனிதர்களிடம் கொடுங்கள்.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியில் 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அதைவிட அதிகம் பேர், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், சம்பளப் பட்டியலில் இல்லாமல் தகவல் கொடுத்தவர்கள். நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 1.6 கோடிதான். 1992இல் தங்களைப் பற்றிய கோப்புகளைப் பார்க்க மக்களுக்கு அனுமதி கிடைத்தபோது, தன்னைப் பற்றித் தகவல் தந்தவர் தன் கணவர்தான் என்று தெரிந்துகொண்டவரும் உண்டு. கண்காணிக்கிறவர் இரவு உணவைப் பரிமாறுகிறவராகவும் இருக்கலாம் என்பதுதான் நாவலுக்கான செய்தி.

கண்காணிப்பின் நுட்பம் நம் இலக்கியத்துக்கும் புதிதல்ல. குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது அது. இதை உங்கள் ஊரில் பொருத்திப் பாருங்கள். கயல் தன் சந்தேகத்தைத் தோழியிடம் சொல்கிறாள். தோழி நடுவரிடம் சொல்கிறாள், கெடுதல் செய்ய அல்ல. கயல் கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற தவிப்பில். நடுவர் அதைக் கயலின் தம்பியிடம் விசாரிக்கிறார். மூவருமே கயலை நேசிப்பவர்கள். யாரையும் வெறுக்க முடியாமல் அவளைச் சுற்றிக் கண்ணி இறுகுகிறது.

கூடவே, தான் பார்க்கப்படுகிறோமா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியாமல் இருக்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் வரைந்த வட்டச் சிறைத் திட்டத்தின் அடிப்படை அதுதான். நடுக்கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது, அதனால் எப்போதும் இருப்பதாகவே நடந்துகொள்வான். உங்கள் நாவலில் கோபுரம் வேண்டாம். அம்மா வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக அவள் முகத்தைப் பார்ப்பது போதும்.

படி 7: எதிராளிக்கு நல்ல வாதத்தைக் கொடுங்கள்

நாவலின் உயரம் இங்கேதான் முடிவாகிறது. இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதுங்கள். எதிராளியை வெல்ல உங்களுக்கே பதில் இல்லாத நிலை வரும்வரை எழுதுங்கள்.

தணிவூரின் தலைமை நடுவர் ஒரு மூதாட்டி. காலில் தழும்பு உள்ளவர். ஊர் எரிந்த இரவில் அவர் சிறு குழந்தை. கயல் அவர்முன் நிற்கிறாள்.

"நீ எத்தனை தாளை ஞாபகம் வச்சிருக்கே, கண்ணு?"

"பதினொண்ணு, பாட்டி."

"எங்க அம்மா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தா. எங்க பாட்டிக்கு யார் என்ன சொன்னாங்க, யார் வாசல்ல யார் எச்சில் துப்பினாங்க, அத்தனையும். அந்த ஊர்ல எல்லாருக்கும் நல்ல ஞாபக சக்தி. அதான் எரிஞ்சுது."

"அப்போ அந்தப் பதினோரு பேரு?"

"அவங்க உயிரோட இருக்காங்க."

பாட்டி பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை, கயலிடம் பாசமாகவும் இருக்கிறார். அவர் காப்பாற்ற நினைப்பது உண்மையான ஒன்றை. வாசகர் ஒரு நிமிடம் பாட்டியின் பக்கம் சாய வேண்டும். வில்லனுக்கு ரகசியப் பேராசை, ஒளித்துவைத்த செல்வம், இரட்டை வாழ்க்கை எதுவும் வைக்காதீர்கள். அவர் தான் காக்கும் விதிக்குத் தானும் கட்டுப்பட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய மகனை ஒருவன் பல ஆண்டுகளாக வஞ்சித்திருக்கலாம், அவரும் ஒவ்வொரு அந்தியிலும் மன்னித்திருக்கலாம்.

படி 8: அந்த ஊரின் பேச்சு

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. யார் யாரை நீ என்கிறார்கள், யார் யாரை நீங்கள் என்கிறார்கள், யாரை முறை சொல்லி அழைக்கிறார்கள், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதிலேயே ஒரு ஊரின் அதிகாரம் முழுவதையும் காட்டிவிடலாம். சண்டை முளைக்கக் கூடாது என்று நினைத்த ஊர், மண்டபத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் நீங்கள் என்றே அழைக்க வேண்டும் என்று விதித்திருக்கும். அம்மாவும் மகளும்கூட. வீட்டில் "வாடி" என்று இழுத்து அணைக்கும் அம்மா, மண்டபத்தில் "உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லும்போது எழும் குளிரை விவரிக்க வேறு வரிகள் தேவைப்படாது.

அதிகாரச் சொற்களை இனிமையாக வையுங்கள். ஒடுக்கும் அமைப்புகள் தம்மைப் பற்றிக் கடுமையான சொற்களில் பேசுவதில்லை. தணிவூரில் சிறை இல்லை, "ஆறுதல் வீடு" உண்டு. கிளறியவர்களை அங்கே அழைத்துப்போய் அமைதிப்படுத்துகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கடைசிவரை முழுதாகக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. திரும்பி வந்தவர் ஒருவர் பேசும் விதத்தில் மட்டும் காட்டுங்கள். இப்படிப் புதுச் சொற்கள் நாவல் முழுக்க ஏழெட்டுக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் புதுப் பெயர் வைத்தால் வாசகர் அகராதி படிப்பதாக உணர்வார்.

உரையாடல் பேச்சுத் தமிழிலும் மண்டப நடவடிக்கைகள் எழுத்துத் தமிழிலும் இருப்பது இந்தக் கதைக்கு இயல்பாகப் பொருந்தும். கயல் ஒருநாள் மண்டபத்துக்குள் பேச்சுத் தமிழில் வாய் திறந்தால், அதுவே கலகம்.

படி 9: காதல்

அவசியம் இல்லை. வைத்தால் ஊரின் விதியிலிருந்து முளைக்கட்டும். தணிவூரில் இளைஞர்கள் வேண்டுமென்றே சின்னச் சண்டை ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள், மண்டபத்தில் எதிரெதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாமே என்று. மூன்று பேருக்கு நடுவில் தவிக்கும் முக்கோணக் காதலை விட்டுவிடுங்கள், இந்த வகையில் அது அலுத்துவிட்டது.

படி 10: கலகத்தைச் சிறிதாக வையுங்கள்

நடுப்பகுதியில் பல கையெழுத்துப் பிரதிகள் தடம் மாறுகின்றன. எங்கிருந்தோ ஒரு புரட்சிப் படை வருகிறது, சுரங்கப்பாதை, ஆயுதங்கள், வெடிப்பு. அதுவரை நீங்கள் கட்டிய நுணுக்கமான ஊர் வெறும் போர்க்களமாகிவிடுகிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேளுங்கள். கயலால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஒரு தாளை எரிக்காமல் இருப்பது.

ஒரே ஒரு தாள். அதை எங்கே ஒளிப்பது, மழையில் எப்படிக் காப்பது, படிப்பதா வேண்டாமா, யாரிடம் காட்டுவது என்பதிலேயே ஐந்து அத்தியாயங்களுக்குப் பதற்றம் இருக்கிறது. பிறகு இரண்டாவது தாள். இரண்டு தாள்களை அருகருகே வைக்கும் அந்தக் கணத்தில், அந்த ஊரின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு தவறு இரண்டாவது தவறாகிறது. இதைவிடப் பெரிய வெடிப்பு இந்த நாவலுக்குத் தேவையில்லை.

அவளுடைய செயலுக்கும் விலை வேண்டும். தாள்கள் வெளியே தெரிந்தவுடன் ஊரில் பழைய பகை ஒன்று தலைதூக்கட்டும். யாரோ ஒருவர் மீது கல் விழட்டும். பாட்டி பயந்தது நடக்கத் தொடங்கட்டும். கயல் சரியாகவும் இருக்கிறாள், ஆபத்தானவளாகவும் இருக்கிறாள். எழுதும்போது உங்கள் கை தயங்கினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

படி 11: முடிவு

மூன்று முடிவுகள் வழக்கத்தில் உண்டு: ஊர் கவிழ்வது, அவள் தப்பிப்பது, அவள் அடங்குவது. முதலாவதை நம்பவைப்பது கடினம். அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரு கூட்டத்தில் உடைந்துவிடாது. தப்பிப்பதானால், வெளியே என்ன இருக்கிறது என்பதை முன்பே விதைத்திருக்க வேண்டும், விட்டுப்போகிறவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். அடங்குவது வலிமையான முடிவு, ஆனால் இளம் வாசகரிடம் நம்பிக்கையின் ஒரு நூலையாவது கொடுக்காமல் கதவை மூடுவது எனக்கு உடன்பாடில்லை.

திறந்த முடிவைக் கண்டு பயப்படவும் வேண்டாம். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இல் வெளிவந்தபோது, சிறுவனுக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதை வாசகர்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. பின்னால் வந்த தொடர் நாவல்களில்தான் அவன் கதை துலங்கியது. ஆனால் திறந்த முடிவு என்றால் கதையைப் பாதியில் விடுவதல்ல. ஊருக்கு என்ன ஆகும் என்பது திறந்திருக்கலாம், கயல் என்ன முடிவெடுத்தாள் என்பது மூடியிருக்க வேண்டும். அப்பாவின் எதிரே, மண்டபத்தில், தாள்களோடு அவள் உட்கார்ந்துவிட்டாள் என்றால் அவள் கதை முடிந்தது.

படி 12: திருத்தம்

முதல் பிரதி முடிந்ததும் சில வாரங்கள் மூடி வையுங்கள். பிறகு மூன்று தனித்தனி வாசிப்புகள்.

ஒன்று, விதிக்காக மட்டும். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று எங்காவது விதியை நீங்களே தளர்த்தியிருப்பீர்கள். நடுவர் ஒருநாள் இரவில் சண்டையைத் தீர்த்துவைத்திருப்பார், கயல் யாரும் கேட்காமல் வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாள். பதின்பருவ வாசகர்கள் இதில் இரக்கமே காட்ட மாட்டார்கள். விதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

இரண்டு, துணைப் பாத்திரங்களுக்காக. அந்த ஊரில் மகிழ்ச்சியாக வாழ்ந்து மகிழ்ச்சியாகவே சாகும் ஒருவராவது இருக்கிறாரா? அவர் முட்டாளாகக் காட்டப்பட்டிருக்கிறாரா? அப்படியானால் மாற்றுங்கள். விதியால் உண்மையாகவே காப்பாற்றப்பட்ட ஒருவர் வேண்டும். குடிகாரக் கணவனின் கையிலிருந்து ஒவ்வொரு அந்தியிலும் மண்டபத்தால் மீட்கப்பட்ட பெண் ஒருத்தி, தாள்கள் வெளியே வரக் கூடாது என்று கயலின் காலில் விழலாம்.

மூன்றாவது வாசிப்பை நீங்கள் செய்யாதீர்கள். பதினான்கு, பதினைந்து வயதுள்ள மூன்று நான்கு பேரிடம் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். பாட்டி சொன்னதில் எது சரி என்று கேளுங்கள். அப்பாவை மன்னிக்கலாமா என்று கேளுங்கள். அவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்பினால் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், ஏழாம் படிக்குத் திரும்பிப்போய் பாட்டியின் காட்சியை மறுபடியும் எழுதுங்கள்.